ஷீஜா டீச்சருக்கு ஒரு துண்டு ஹாம்

அல்போன்சா: மொதல்ல பிரிட்ஜ மூடுளா. கதவப் புடிச்சிட்டு நின்னா வயிறு நெறஞ்சிருமா?

எமில்டா: பாக்கத்தான மைனி செய்யுதேன். பாக்கதுக்குமா நர்ஸம்மா தடை போட்டிருக்காவ?

அல்போன்சா: பாக்கதுக்கு இல்ல, திங்கதுக்கு. "பிரிட்ஜ்ல வச்ச கறித்துண்ட அப்படியே எடுத்துத் திங்காதீங்க"ன்னு என் காதுபடத்தான சொன்னாவ.

எமில்டா: அப்படியே திங்காதன்னா... வேற எப்படித் திங்கணும்? இல்ல, திங்கவே கூடாதா? நீங்க கேட்டிருக்கலாம்லா.

அல்போன்சா: பின்னால அத்தன பேரு வரிசையில நிக்காவ. அதுல நின்னு பன்னிக்கறி ஹாமப் பத்திக் கேக்கச் சொல்லுதியா?

எமில்டா: எனக்கு எதத் தின்னாலும் வெளிய வந்துருது மைனி. மீன் வாட ஆவல, சோறு வடிக்கிற வாட ஆவல. இது ஒண்ணத்தான் மனசு கேக்குது. கொச்சியிலேருந்து என் தம்பி ரெக்ஸ் கொண்டாந்து வச்ச நாள்லேருந்து ராத்திரி கனவுலயும் இந்தப் பாக்கெட்டுதான் வருது.

அல்போன்சா: மாதாவே... வேற நல்ல கனவே வராதா உனக்கு?

எமில்டா: சிரிக்காதீங்க. மத்தியானம் என்ன செய்யப் போறேன்னு சொல்லுங்க. உங்க வீட்டு வழக்கம்தான? கப்பல் ஏறப் போற ஆளு, சொந்தக்காரங்கள எல்லாம் கூப்பிட்டு, ஹாமுல மொதத் துண்ட வெட்டி, ரொட்டியில வச்சு, பொண்டாட்டிக்கு ஊட்டணும். அதுவும் சில்லுன்னு, அப்படியே.

அல்போன்சா: எங்கப்பாவும் எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஊட்டிட்டுப் போவாவ. நீ வேண்டாம்னு தள்ளுனா அங்கனயே எல்லாத்துக்கும் வெளங்கிரும்.

எமில்டா: வாங்கித் தின்னா பிள்ளைக்கு ஆவாது. வாங்கலன்னா உங்க தம்பிக்குத் தெரிஞ்சிரும்.

அல்போன்சா: தெரிஞ்சாத்தான் என்ன? அவன் பிள்ளைதான? மூணு மாசமாச்சு, பெத்த அப்பனுக்குத் தெரியாம நாம ரெண்டு பேரும் திருட்டுத்தனமா ஆஸ்பத்திரிக்கு அலையுதோம்.

எமில்டா: தெரிஞ்சா நாளைக்கு ரயில் ஏற மாட்டாவ. போன தடவ என்ன நடந்துச்சு? நான் ஆஸ்பத்திரியில கெடக்கேன், பிள்ள தங்கலன்னு கேட்டதும் பிரேசில்ல கப்பல விட்டு எறங்கி வந்துட்டாவ. பொறவு ஒரு வருசம் எந்தக் கம்பெனிக்காரனும் கூப்பிடல. கல்யாண வீட்டுக்குப் பிரியாணி கிண்டிட்டு, சாயங்காலம் ஹார்பர் பக்கம் போயி, போற கப்பலப் பாத்துட்டு நிப்பாவ. அந்த மொகத்த இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. இப்பத்தான் சீப் குக்குன்னு, தலைமைச் சமையக்காரரா, வேலை வந்திருக்கு. சிங்கப்பூர்ல கப்பல்ல ஏறட்டும். மறுநாளே நான் போன்ல சொல்லிருதேன்.

அல்போன்சா: கடல்ல நின்னுட்டு அவன் என்னையத்தான் ஏசுவான்... ஏளா, வண்டிச் சத்தம். ரொட்டி வாங்கிட்டு வந்துட்டான்.

எமில்டா: மைனி, ஒரு யோசன. இந்தச் சமாச்சாரம் எல்லாம் தெரிஞ்ச ஆளு இந்த வீட்டுல யாரு? உங்க தம்பிதான். கப்பல் குசினிக்குன்னு பரீச்சை எழுதிப் பாஸான ஆளு. அவியட்டயே கேப்போம்.

அல்போன்சா: யாருக்குன்னு கேப்பானே.

எமில்டா: உங்க ஸ்கூல்ல ஒரு டீச்சருக்குன்னு சொல்லுங்க.

அல்போன்சா: எனக்குப் பொய் வராதுளா. இப்பத்தான் பூசை கண்டுட்டு வந்திருக்கேன்.

எமில்டா: அடுத்த பாவசங்கீர்த்தனத்துல சேத்துச் சொல்லிக்கிடலாம். வாராவ, வாராவ...

கிளைட்டன்: என்ன, ரெண்டு பேரும் பிரிட்ஜுக்குக் காவலா? இந்தாளா, ரொட்டியப் புடி. இன்னும் சூடு ஆறல.

அல்போன்சா: ஏலே கிளைட்டன்... எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர்.

கிளைட்டன்: ஸ்கூல்னா டீச்சர் இருக்கத்தான செய்வாவ.

அல்போன்சா: அவ முழுகாம இருக்கா.

கிளைட்டன்: நல்ல காரியம். யாரு?

அல்போன்சா: ஷீ... ஷீஜா.

எமில்டா: நாசரேத்துப் பொண்ணு. ஜூன்லதான் வேலைக்குச் சேந்தா.

கிளைட்டன்: எத்தன மாசம்?

அல்போன்சா: நாலு.

எமில்டா: மூணு.

கிளைட்டன்: மூணா, நாலா?

எமில்டா: மூணு முடியுது, நாலு தொடங்குது. ரெண்டும் ஒண்ணுதான்.

கிளைட்டன்: சரி... அந்த டீச்சருக்கு இப்போ என்ன?

அல்போன்சா: ஹாம் திங்க ஆசையா இருக்காம். நர்ஸு, அப்படியே திங்காதங்காவளாம். நீ என்ன சொல்லுத?

கிளைட்டன்: நல்ல கேள்வி. உக்காருங்க ரெண்டு பேரும். நர்ஸம்மா சொன்னது சரிதான், ஆனா பாதிதான் சொல்லியிருக்காவ.

எமில்டா: மிச்சப் பாதி என்ன?

கிளைட்டன்: தப்பு ஹாம் மேல இல்ல. அது சில்லுன்னு இருக்கதுலதான் இருக்கு.

அல்போன்சா: சில்லுன்னு இருந்தாத்தான கெடாது? ஐஸ்ல போட்ட மீனு கெடுதா?

கிளைட்டன்: அங்கனதான் நம்ம ஊருக்காரங்க எல்லாரும் ஏமாறுதது. பொதுவா கிருமிக்குக் குளிரு ஆவாது. பிரிட்ஜுல போட்டா சுருண்டு படுத்துரும். ஆனா ஒண்ணு மட்டும் தூங்காது. ஊரே போத்திட்டுத் தூங்கும்போது வலையத் தூக்கிட்டுக் கடலுக்குப் போறான்லா, அந்த மாதிரி. குளிருக்குள்ளயே மெதுவா, நிதானமாப் பெருகிட்டே இருக்கும். லிஸ்டீரியான்னு பேரு.

அல்போன்சா: பேரு நல்லாருக்கே. நம்ம தெருவுல ஞானஸ்நானம் வாங்குன பிள்ள மாதிரி.

எமில்டா: மைனி, சும்மா இருங்க. அது ஹாமுக்குள்ள எப்படி வருது?

கிளைட்டன்: வேக வைக்கும்போது செத்துரும். பொறவு வெட்டுதான்லா மெசினு, அதுல ஒட்டிட்டு இருந்தா வெட்டும்போது திரும்பவும் ஏறிரும். பொறவு பாக்கெட்டு, கடைப் பிரிட்ஜு, நம்ம வீட்டுப் பிரிட்ஜு... போற வழியெல்லாம் அதுக்குக் குளிர்ச்சியா இருக்கும்.

அல்போன்சா: உப்பு போட்டிருக்கான், பொகை போட்டிருக்கான். கருவாடு மாதிரிதான இதுவும்? கருவாட்டுல கிருமி ஏதுலே?

கிளைட்டன்: அக்கா, நீ கருவாட்ட எப்படித் திங்க?

அல்போன்சா: கொழம்பு வச்சு. இல்லன்னா பொரிச்சு.

கிளைட்டன்: பச்சையா என்னைக்காவது கடிச்சிருக்கியா?

அல்போன்சா: கருவாட்ட எவளாவது பச்சையாத் திம்பாளா?

கிளைட்டன்: அம்புட்டுதான் விசயம். உன்னையக் காப்பாத்துதது கருவாட்டு உப்பு இல்லக்கா, கொழம்பு கொதிக்குத கொதி. ஹாமுக்கு அந்தக் கொதி கெடைக்கல. அப்படியே ரொட்டியில ஏறி உக்காந்துருது.

எமில்டா: மோந்து பாத்தாத் தெரியாதா?

கிளைட்டன்: தெரியாது. வாட வராது, நிறம் மாறாது, கொழகொழன்னு ஆவாது. எம்புட்டு பெரிய சமையக்காரனா இருந்தாலும் மூக்க வச்சுக் கண்டுபுடிக்க முடியாது.

எமில்டா: இத்தன வருசமா இந்த வீட்டுல எல்லாரும் சில்லுன்னுதான தின்னிருக்கோம். ஒண்ணும் ஆவலியே.

கிளைட்டன்: நமக்கு வந்தா வயித்தக் கொஞ்சம் கலக்கிட்டுப் போயிரும், வந்ததே தெரியாது. முழுகாம இருக்கவ கதை வேற. உள்ள வளருதது பாதி அப்பன் சாயல்லா? ஒடம்பு அத வெளியாளுன்னு நெனச்சு வெரட்டிறக் கூடாது. அதனால வாசல்ல நிக்கிற காவக்காரன கொஞ்சம் கண்ண மூடிக்கிடச் சொல்லும். அவன் கண்ண மூடுத நேரம் பாத்து இதுவும் உள்ள நுழைஞ்சிரும். தாய்க்கு லேசாக் காய்ச்சல் அடிக்கும், அவ்வளவுதான். பிள்ளைக்குத்தான்...

எமில்டா: பிள்ளைக்கு?

கிளைட்டன்: ...அத விடு. சூடு பண்ணுனா செத்துரும். நமக்கு வேண்டியது அதுதான். அந்தத் தோசைக்கல்ல எடு. என் பெட்டியிலேருந்து அந்த ஊசியையும் எடுத்துட்டு வா.

அல்போன்சா: எந்த ஊசி?

கிளைட்டன்: கறிக்குக் குத்திச் சூடு பாக்குற ஊசி. கப்பல்ல அது இல்லாம கோழிய வெளிய அனுப்புனா கேப்டன் என்னையக் கடல்ல தள்ளிருவாரு.

அல்போன்சா: பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்க மாதிரி ஹாமுக்குக் காய்ச்சல் பாக்கான் பாரு.

கிளைட்டன்: நடுவுல குத்தணும். ஓரத்துல குத்துனா கல்லுச் சூட்டைத்தான் காட்டும். நடுவுல எழுவத்தஞ்சு டிகிரி வந்தா ஜோலி முடிஞ்சுது.

எமில்டா: அந்த டீச்சர் வீட்டுல ஊசி எங்க இருக்கு?

கிளைட்டன்: வேண்டாம். மெல்லிசா வெட்டி, கல்லுல ரெண்டு பக்கமும் பெரட்டி, ஆவி குபுகுபுன்னு பறக்கணும். வாயில வச்சா நாக்கு சுடணும். வெதுவெதுப்பு போதாது. அது கிருமிக்கு வெந்நி போட்டுக் குளிப்பாட்டுன மாதிரிதான்.

அல்போன்சா: அப்போ சாசேஜு?

கிளைட்டன்: அது பச்சக் கறி. உள்ள செவப்பு தெரியாத அளவுக்கு வேகணும். வெளிய கருகிட்டு உள்ள பச்சையா நிக்கும், அதுல ஏமாந்துறக் கூடாது. டின்னுல அடைச்ச கறி வருதே, அது டின்னுக்குள்ள வச்சே வேக வச்சது. தொறக்குத வர பயமில்ல. தொறந்து பாதிய பிரிட்ஜுல வச்சிட்டா, பொறவு அதுவும் ஹாம் மாதிரிதான். ஈரல அரைச்சு ரொட்டியில தடவுவான்லா, அது மட்டும் இப்போ டீச்சருக்கு வேண்டவே வேண்டாம். பிள்ள பெத்த பொறவு தின்னுக்கிடட்டும்.

எமில்டா: சூடு பண்ணிட்டா தெனமும் திங்கலாமா?

கிளைட்டன்: ஆசையப் பாரு. இதுல உப்பு கூட. செவப்பு மாறாம இருக்க வேற ஒரு உப்பும் சேப்பான். அதெல்லாம் சூட்டுல போவாது. என்னைக்காவது ஒருநாள்னா சரி. சோத்துக்குப் பதிலா இதத் திங்கக் கூடாது.

எமில்டா: எனக்கு என்ன ஆச? டீச்சருக்காகக் கேக்கேன்.

கிளைட்டன்: ஆமா, டீச்சருக்காகத்தான்... ஏளா, இந்தப் பாக்கெட்டு எந்தத் தட்டுல இருந்துச்சு?

எமில்டா: மேல் தட்டுல.

கிளைட்டன்: கீழ பாரு, சொட்டியிருக்கு. அந்தத் தண்ணி நேரா வெள்ளரிக்கா மேல விழுந்திருக்கு.

அல்போன்சா: விழுந்தா என்ன? ஹாமத்தான் கல்லுல போடுதோமே.

கிளைட்டன்: ஹாம் கல்லுக்குப் போவும்க்கா. வெள்ளரிக்கா போவாதே.

அல்போன்சா: ...அட, ஆமாலே.

கிளைட்டன்: பாக்கெட்ட எப்பவும் அடித் தட்டுல, ஒரு ஏனத்துக்குள்ள வைக்கணும். தட்ட சோப்புப் போட்டுத் தொடைக்கணும். கத்தி, பலகை, கை எல்லாம் கழுவிட்டுத்தான் வேற சாமானத் தொடணும். பாக்கெட்டு தொறந்தா ரெண்டு மூணு நாளுக்குள்ள காலி பண்ணிரணும். இந்த வெள்ளரிக்காயத் தூரப் போட்டுருதேன்.

எமில்டா: டீச்சர் வீட்டுப் பிரிட்ஜுல வெள்ளரிக்கா இல்லங்க. இது நம்ம வீட்டு வெள்ளரிக்கா.

கிளைட்டன்: இருக்கட்டும். பழக்கம்னு ஒண்ணு வேணும்லா.

எமில்டா: ஏங்க... இன்னொண்ணு கேக்கணும். அந்த டீச்சர்... சலாமி ஒரு துண்டு தின்னுட்டாளாம். சில்லுன்னு. முந்தாநேத்து.

அல்போன்சா: எப்பளா? என்கிட்ட சொல்லவே இல்லியே.

எமில்டா: உங்ககிட்டதான மைனி சொன்னா. போன்ல. மறந்துட்டீங்களா?

அல்போன்சா: ஆங்... ஆமா. போன்ல. வயசாவுதுல்லா, மறந்துருது.

எமில்டா: என்ன, அடுப்ப அணைச்சிட்டீங்க?

கிளைட்டன்: ஒரு துண்டா? நெசமாவே ஒண்ணுதானா?

எமில்டா: ஒண்ணுதான். அதுவும் பாதிய மென்னுட்டுப் பயந்து துப்பிட்டா.

கிளைட்டன்: சலாமி வேக வச்சதே இல்ல. உப்புல போட்டு, புளிக்க விட்டு, காய வச்ச கறி. வேகாத கறியில இருக்க ஒட்டுண்ணியும் பிள்ளைக்கு ஆவாது... காய்ச்சல் இருக்கா?

எமில்டா: இல்லியாம்.

கிளைட்டன்: ஒடம்பு வலி? தல வலி? வயித்தால போவுதா?

எமில்டா: ஒண்ணும் இல்லியாம்... எதுக்கு என் நெத்தியத் தொடுதீங்க?

கிளைட்டன்: அடுப்புகிட்ட நின்னேன்லா. என் கை சூடா இருக்கான்னு பாத்தேன்.

அல்போன்சா: கை சூட்ட அடுத்தவ நெத்தியில வச்சா பாப்பாவ?

கிளைட்டன்: நீ பேசாம இருக்கா. இங்க பாரு எமிலு, பயப்படக் கூடாது. தின்ன எல்லாருக்கும் வந்துராது, வாரது ரொம்ப அபூர்வம். ஆனா அது உடனே காட்டாது. சில பேருக்கு ரெண்டு மாசம் கழிச்சும் வரும். அதனால நாளைக்கே டாக்டரம்மாட்ட போயி, "சூடு பண்ணாத சலாமி தின்னுட்டேன்"னு சொல்லணும். பொறவு என்னைக்குக் காய்ச்சல் வந்தாலும் வீட்டுல மாத்திரயப் போட்டுட்டுப் படுக்காம அன்னைக்கே போவணும். ரத்தம் எடுத்துப் பாப்பாவ. மருந்து இருக்கு. ஏசுவாவளோன்னு மறைச்சிறக் கூடாது.

எமில்டா: சொல்லிருதேன்... டீச்சர்கிட்ட.

கிளைட்டன்: அவ தனியாப் போவ வேண்டாம். கூட ஆளு வரும்.

அல்போன்சா: யாருலே வருவா?

கிளைட்டன்: அவ வீட்டுல யாருமா இல்ல? சரி, நகருங்க. திரும்ப அடுப்பப் பத்த வைக்கேன். ஊர் வந்துரும் இப்போ. மொதத் துண்டு இன்னைக்கு கல்லுலேருந்துதான்.

அல்போன்சா: அது வழக்கம் இல்லியே. அப்பா எப்பவும் சில்லுன்னுதான...

கிளைட்டன்: அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவியளும் கல்லுல போட்டிருப்பாவ. யாராவது கேட்டா, கப்பல் கம்பெனிக்காரன் புது ரூல் போட்டிருக்கான்னு சொல்லிக்கிடுதேன்.

எமில்டா: மத்தவங்களுக்குச் சில்லுன்னு வெட்டி வச்சிருக்கீங்களே. எனக்கு மட்டும் எதுக்குக் கல்லுல போடுதீங்க? கேட்டது டீச்சருக்குல்லா?

கிளைட்டன்: டீச்சருக்குத்தான் போடுதேன். எந்த ஸ்கூல்லயும் இல்லாத டீச்சரு. வெள்ளரிக்கா வச்சிருக்க டீச்சரு.

அல்போன்சா: ஏலே, நான் வாயத் தொறக்கல. பனிமய மாதா மேல ஆணை.

கிளைட்டன்: நீ தொறக்க வேண்டாம்க்கா. கப்பலுக்கு மெடிக்கல் எடுக்கப் போனேன்லா. அந்த லேப்ல, உனக்கும் ரத்தம் எடுத்த பொன்செல்வி என் கையில ஊசியக் குத்திட்டே, "மைனிக்கு வாந்தி கொறைஞ்சிருக்காண்ணே"ன்னு கேக்கா. நான் முழிக்கேன். என்னையப் பாத்து அவளும் முழிக்கா. ரத்தம் தானா வந்துட்டு இருக்கு, ஊசிய எடுக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணல.

அல்போன்சா: அவ வாயில கோந்த வச்சு ஒட்டணும்.

எமில்டா: அன்னைக்கே தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே நீங்க.

கிளைட்டன்: நீயே சொல்லுவன்னு பாத்துட்டு இருந்தேன்.

எமில்டா: சொன்னா கப்பல்ல ஏற மாட்டீங்க.

கிளைட்டன்: ஆமா. ஏறியிருக்க மாட்டேன்.

எமில்டா: ஏறாம வீட்டுல இருந்தா, பழையபடி ஹார்பர்ல போயி நிப்பீங்க. நான் பிள்ளையப் பாப்பனா, உங்க மொகத்தப் பாப்பனா?

கிளைட்டன்: அதுவும் தெரியும். ஏறிப் போயிட்டு, போன தடவ மாதிரி நீ தனியாக் கெடந்தா, என் கைக்கு உப்பு அளவே தெரியாது. ரெண்டு பக்கமும் யோசிச்சேன்.

எமில்டா: யோசிச்சு? நெசத்தச் சொல்லுங்க. நாளைக்கு ஏறுதீங்களா, இல்லியா?

கிளைட்டன்: ஏறுதேன், உன்னைய டாக்டரம்மாட்ட காட்டிட்டு, சீப் குக்காத்தான். ஆனா சிங்கப்பூர்ல இல்ல, நம்ம ஹார்பர்ல. வடக்க பாரதீப்லேருந்து இங்க கரண்டு எடுக்குத தெர்மலுக்குக் கரி கொண்டாந்து எறக்கிட்டுப் போற கப்பலு. பெரிய கம்பெனி இல்ல, வெளிநாடும் இல்ல, ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவ இங்கனதான் வந்து நிக்கும். பொன்செல்வி ஊசிய உருவுனதும் நேரா அங்கன போயித்தான் பேரு குடுத்துட்டு வந்தேன். பெரிய கப்பல வேண்டாம்னு சொன்னதுக்கு நீ அழுவியேன்னு பயந்து நானும் இத்தன நாளா வாயத் தொறக்கல... இப்போ நீ தொற. துண்டுல ஆவி அடங்கிரும்.